பரண் மேல் ஒரு பிரென் கன்

மயிலாப்பூரில் பழைய குடித்தனக்காரர் யார் வீட்டுப் பரணை எடுத்துக்கொண்டாலும், ஒரு இயந்திரத் துப்பாக்கிக்கு வேண்டிய சாமான்கள் முழுசாக அங்கே இருக்கும். ஒன்றுசேர்க்கத்தான் ஆள் கிடையாது. எங்கள் வீட்டில் அந்த ஆள் நான் ஆனதற்கு நாடகம் காரணம்.

எங்களுடையது அமெச்சூர் குழு. பாதிப் பேருக்கு உத்தியோகம், மீதிப் பேருக்குப் பென்ஷன். சபா நாடகத்தின் லட்சணம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு சோபா, ஒரு டீப்பாய், பின்னால் எங்கேயும் திறக்காத ஒரு ஜன்னல், தலைக்கு மேல் தொங்கும் மைக். கதாநாயகன் ஆபீஸ் போவதும் அமெரிக்கா போவதும் அதே கதவு வழியாக. இந்த உலகத்தில் ஆயுதம் என்று பார்த்தால் அதிகபட்சம் மாமியார் கையில் ஒரு கரண்டி. ராணுவத்துக்காரரே வந்தாலும் ஓய்வு பெற்றுத்தான் வருவார். கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’தில் வருகிற மேஜர், கண் பார்வை இல்லாத ஓய்வுபெற்ற மனிதர். அந்த வேஷம் கட்டிய சுந்தரராஜனுக்கு மேடையில் கிடைத்த ‘மேஜர்’ பதவி கடைசிவரை கூடவே இருந்தது. ஆயுதம்தான் வேண்டும் என்றால் புராணத்துக்குப் போகவேண்டும். ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ‘இலங்கேஸ்வரன்’, ‘சூரபத்மன்’ என்று போட்ட நாடகங்களுக்குத் தந்திரக் காட்சிகளுக்காகவே கூட்டம் வந்தது. அங்கே அஸ்திரம் பறக்கும். எங்கள் பட்ஜெட்டில் திரைச்சீலையை ஒரே இழுப்பில் மூடுவதே தந்திரக் காட்சி.

இந்த நிலையில் எங்கள் டைரக்டர் 1962 சீனப் போரைக் கையில் எடுத்தார். சிவாஜியும் சாவித்திரியும் நடித்து 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ அவரைச் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு, அறுபதாம் கல்யாணம் முடிந்தும் விடவில்லை. கதை இதுதான்: இமயமலையில் ஒரு எல்லைச் சாவடி, ஐந்து தமிழ் சிப்பாய்கள், பனி, ஒரு மெஷின் கன். பனிக்குத் தெர்மாகோல். மணல் மூட்டைக்கு, பழைய பேப்பர் திணித்த அரிசிச் சாக்கு. சிப்பாய்களுக்கு நாங்களே. மெஷின் கன்னுக்குத்தான் வழி தெரியவில்லை.

கோடம்பாக்கம் பக்கம் சினிமாவுக்கு ப்ராப்பர்ட்டி வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்குப் போனோம். வாசலில் சிம்மாசனம், உள்ளே மூலையில் நாலு மண்டை ஓடு, பக்கத்தில் பிரசவ வார்டு கட்டில்.

“பிரென் கன் இருக்கா?”

“என்ன கன் சார்?”

“பிரென். இந்திய ராணுவத்துல பழைய லைட் மெஷின் கன். மேல மேகசின் வளைஞ்சு நிக்கும்.”

“அது இல்ல சார். ஏகே இருக்கு. எவ்ளோ வேணா தரலாம்.”

“கதை 62ல நடக்குது. நம்ம சிப்பாய் கையில ஏகே வராது.”

“பின்னாடி உக்காந்தவங்களுக்கு என்ன சார் தெரியப் போகுது?”

“சபாவுல பின்னாடி யாரும் உக்கார மாட்டாங்கப்பா. வர்றவங்க எல்லாருமே முதல் நாலு வரிசைதான்.”

அவர் யோசித்தார். உள்ளே போய் ஆறு குழாய் ஒன்றாகக் கட்டிய ஒரு ராட்சதனைத் தள்ளிக்கொண்டு வந்தார். “‘கைதி’ வந்ததுலேருந்து இதான் சார் போகுது.” பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜாதித் துப்பாக்கியின் நிஜமான அமெரிக்க மாடல், எம்134, குண்டு இல்லாமலே சுமார் 39 கிலோ. குழாய்களைச் சுழற்றுவது மின்சார மோட்டார். 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தில் அதை ஒருவர் கையில் தூக்கிச் சுடுவதாகக் காட்டுவதற்கு, கரண்ட் ஒயரை அவர் பேன்ட்டுக்குள் விட்டு ஒளித்தார்கள். எங்கள் ஹவில்தார் வங்கியில் ஓய்வு பெற்றவர், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் பேன்ட்டுக்குள் ஒயர் விடுவதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசக்கூட இல்லை.

வாடகை, டெபாசிட், ஆதார் ஜெராக்ஸ் என்று கடைக்காரர் கணக்கு சொல்ல, எங்கள் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் செலவு நாமம் என்று அர்த்தம். “வீட்லயே பண்ணிக்கலாமே” என்று என்னைப் பார்த்தார். சோபாவின் ஒடிந்த காலுக்கு ஒருமுறை ஆணி அடித்தவன் நான். அந்தக் குழுவில் அதற்குப் பெயர் இன்ஜினீயரிங்.

உலக சினிமாவில் இந்தத் தொழில் தலைகீழாக நடக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தேன். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் தூக்கித் திரியும் விண்வெளித் துப்பாக்கி, அசல் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்தான். மேலே இரண்டு துண்டு உதிரி சாமான் ஒட்டினார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போர்க்காலத்து லூயிஸ் கன்னும் அதில் வேஷம் கட்டியிருக்கிறது. ‘லார்ட் ஆஃப் வார்’ (2005) எடுத்த ஆண்ட்ரூ நிக்கல் ஒரு படி மேலே போனார். டம்மி செய்வதைவிட நிஜம் மலிவாகக் கிடைத்ததால் மூவாயிரம் நிஜத் துப்பாக்கிகளையே வாங்கிவிட்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். எங்கள் பொருளாளருக்கு இந்தச் செய்தியை நான் சொல்லவில்லை. “விசாரிச்சுப் பாருங்களேன்” என்பார்.

பொய்ச் சாமான் கட்டி உலகத்தை ஏமாற்றியதில் சென்னைக்குப் பழக்கமான பெயர் ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டுப் போன எம்டன் என்ற ஜெர்மன் கப்பலுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிதான். சில பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு நாலு இருக்கும் என்பதால், நாலாவதாக ஒரு டம்மியைக் கட்டி நிறுத்திக்கொண்டு திரிந்தது. அந்த வேஷத்தோடுதான் அடுத்த மாதம் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலிலும் “வீட்லயே பண்ணிக்கலாமே” என்று ஒரு பொருளாளர் இருந்திருக்க வேண்டும்.

சரி, பிரென் கன்னுக்கு வருவோம். எங்கள் அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் சுபேதார் மாமா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மெட்ராஸ் ரெஜிமென்ட். இப்போதும் லிஃப்டில் ஏறமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம், பேரன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தபோதுகூட வந்ததில்லை.

“பிரென்னு சொல்லாதே. எல்எம்ஜின்னு சொல்லு” என்று ஆரம்பித்தார். செக் நாட்டு ப்ர்னோ நகரத்து டிசைன், இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலை, இரண்டின் முதல் எழுத்துகளையும் ஒட்ட வைத்த பெயர். எடை பத்து கிலோ சொச்சம், நீளம் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேகசின் தலைக்கு மேல் நிற்பதால் குறி பார்க்கும் துவாரத்தை இடது பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். மேகசினில் 30 ரவுண்டு கொள்ளும், ஆனால் 28தான் போடுவோம், முழுக்கத் திணித்தால் அடைத்துக்கொள்ளும். சுடுகிறவன் நம்பர் ஒன். பக்கத்தில் படுத்து மேகசின் மாற்றுகிறவன், சூடான குழாயைக் கழற்றிப் புதுக்குழாய் போடுகிறவன் நம்பர் டூ. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துவிட்டார். எழுப்ப நாலு பேர் தேவைப்பட்டது.

படுத்தபடியே அவர் கேட்ட கேள்வி டைரக்டரின் தூக்கத்தைக் கெடுத்தது. “கிளைமாக்ஸ்ல எவ்வளவு நேரம் சுடறான்?”

“ரெண்டு பக்க வசனம் பேசிண்டே சுடறான்.”

“நிமிஷத்துக்கு 500 ரவுண்டு போற துப்பாக்கி. 28 ரவுண்டு எத்தனை செகண்டுல காலியாகும்? மூணரை செகண்டு கூட வராது. உன் ஆள் ‘என் தாய்நாடே’ன்னு முடிக்கறதுக்குள்ள தீர்ந்துடும்.”

நம்பர் டூ வசனத்தின் நடுவில் மேகசினை மாற்றிக்கொண்டே இருப்பது என்று சமரசம் ஆயிற்று. மேகசின் ஒன்றுதான் செய்யப்போகிறோம் என்பதால், கழற்றிய அதையே கீழே கொண்டுபோய், தெர்மாகோல் பனியில் ஒரு புரட்டு புரட்டி, புதிது என்று மறுபடி மாட்டவேண்டும்.

பரண் ஏறினேன். குழாய் சுலபம். மாடித் தொட்டிக்கு லைன் மாற்றியபோது மிச்சமான முக்கால் இஞ்சு பிவிசி பைப் ஒன்று, டீ, எல்போ, ரெடியூசர், எண்ட் கேப் என்று குடும்ப சகிதம் கிடந்தது. பிரென்னின் முனையில் கூம்பு மாதிரி விரியும் பாகத்துக்கு, ரேஷன் மண்ணெண்ணெய் காலத்துப் புனல். ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக், இன்னும் வாசனை போகவில்லை. முதுகெலும்புக்குக் கொலுப்படி கட்டும் ஸ்லாட்டட் ஆங்கிளில் ஒரு துண்டு. “நவராத்திரிக்கு முன்னாடி திரும்பி வரணும்” என்ற நிபந்தனையோடு மனைவி கொடுத்தாள். பின்கட்டைக்கு மகனின் உடைந்த கிரிக்கெட் மட்டை. கைப்பிடிக்கு பிரஷர் குக்கர் பிடி: நீளமானது பிஸ்டல் பிடியாயிற்று, எதிர்ப்பக்கத்துக் குட்டைப் பிடி குழாய்க்கு மேல் தூக்கும் பிடியாயிற்று. பேக்கலைட் கறுப்பு, ராணுவத்துக்கென்றே வார்த்த நிறம்.

முன்னால் நிற்கும் இரண்டு கால்களுக்குத்தான் தயங்கினேன். பரணின் கோடியில் மாமனாரின் அலுமினிய வாக்கர் இருந்தது. கால் குழாய்க்குள் இன்னொரு குழாய், வரிசையாகத் துளைகள், ஸ்பிரிங் பொத்தானை அழுத்தினால் க்ளிக் என்று உயரம் மாறும். அடியில் ரப்பர் குப்பி. எல்எம்ஜியின் காலை வடிவமைத்தவனே வந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டான். ஆனால் மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகக் கேட்டேன்.

“அதை அவர் தொட்டதே இல்லை. கடைசிவரைக்கும் சுவத்தைப் புடிச்சுண்டுதான் நடந்தார். டாக்டர் எழுதிக் குடுத்ததாச்சேன்னு வாங்கிப் போட்டது. சீனாக்காரனோட சண்டைக்காவது உபயோகப்படட்டும், எடுத்துக்கோங்கோ” என்றார்.

துப்பாக்கியின் உடம்புக்கு ஒரு பெட்டி வேண்டியிருந்தது. மகள் பாட்டு கற்றுக்கொண்ட காலத்து எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி அளவில் கச்சிதமாக இருந்தது. பேட்டரி மாற்றியும் பேசாமல் போனதால் பரணுக்கு மாற்றலாகி வந்தது அது. ஆங்கிளில் வைத்து நட்டு போட்டு முடுக்கினேன்.

மேகசின்தான் உண்மையான வேலை. வளைந்த, தட்டையான, ஒரு ஜாண் உயரத்துக்கு மேல் உள்ள சாமான் வீட்டில் எதுவும் இல்லை. மரத்தில் செதுக்க எனக்கு வராது. அப்போதுதான் கட்டு கட்டாகக் கல்யாணப் பத்திரிகைகள் கண்ணில் பட்டன. இந்த ஊரில் யாரும் பத்திரிகையைத் தூக்கிப் போடமாட்டார்கள். பிள்ளையார் படம் போட்டதை எப்படிப் போடுவது? நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதை எந்தக் குப்பையில் சேர்ப்பது? வருஷத்துக்கு வருஷம் அட்டை தடிமனாகிக்கொண்டும் போகிறது. சமீபத்தில் வந்த சிலதைச் சுவரில் பதித்தால் செங்கல் மிச்சம்.

“சுபகாரியப் பத்திரிகையை ஆயுதத்துல ஒட்டறதாவது” என்று மனைவி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு உட்கார்ந்து தானே பொறுக்கிக் கொடுத்தாள். நம் வீட்டு விசேஷத்துக்கு வராதவர்கள் ஒரு கட்டு. வந்து சாப்பாட்டைக் குறை சொன்னவர்கள் ஒரு கட்டு. டைவர்ஸ் ஆனவர்கள் தனியாக. “இவாளாவது சேர்ந்து ஒட்டிண்டு இருக்கட்டும்” என்று கடைசிக் கட்டை என்னிடம் நீட்டினாள். பெவிகால் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கிரைண்டர் கல்லை வைத்து இரவெல்லாம் விட்டேன். காலையில் எடுத்தால் பலகை. வளைவு வரைந்து ஹாக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாள் போட்டேன். தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் அடுக்கடுக்காகச் சந்தனக் கலர், அரக்கு, மாம்பழ மஞ்சள், நடுநடுவே தங்க ரேக்கு எல்லாம் தலைகாட்டின. வண்ணம் அடிக்க மனசே வரவில்லை.

பெயின்ட் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. பளபள கறுப்பு அடித்தால் அது துப்பாக்கி இல்லை, வெறும் பைப். மேட் கறுப்பு ஸ்பிரே அடித்துக் காய்ந்தபின், பென்சில் கரியை உப்புத்தாளில் பொடியாக்கி, பஞ்சில் தொட்டு விளிம்புகளில் மட்டும் தேய்க்கவேண்டும். கை பட்டுப் பட்டுப் பாலீஷ் ஏறிய இரும்பின் மினுக்கு வந்துவிடும். குக்கர் பிடி அதற்குப் பிறகு சாம்பாரை மறந்தே போயிற்று.

மூன்றாவது மாடியில் ஒரு வக்கீல். மயிலாப்பூரில் எந்தக் கட்டடத்திலும் மூன்றாவது மாடியில் ஒரு வக்கீல் உண்டு. பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “1959 ஆயுதச் சட்டம், ஆறாவது பிரிவு. போலித் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியா மாத்தறதுக்கு லைசென்ஸ் வேணும்.”

“இது புனல் சார்.”

“எதுக்கும் சொல்லி வெச்சேன்.” புனலைத் திருப்பிப் பார்த்தார். “அமெரிக்காவுல பொம்மைத் துப்பாக்கின்னா நுனியில ஆரஞ்சுக் கலர் இருக்கணும்னு 1980கள் கடைசியிலேருந்து சட்டம். உங்களுக்கு அது தானாவே அமைஞ்சிருக்கு. அப்படியே விட்டுடுங்கோ.”

நல்ல யோசனைதான். டைரக்டர் கேட்கவில்லை. இமயமலையில் ஆரஞ்சு மூக்கோடு எந்தத் துப்பாக்கி இருந்தது என்று கேட்டு, தன் கையாலேயே கறுப்பு அடித்தார்.

நாடகம் தி.நகரில், ஜி.என். செட்டி ரோடுப் பக்கத்து சபா ஒன்றில். துப்பாக்கியைப் பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றி ஆட்டோ பிடித்தேன். கதீட்ரல் ரோடு வழியாக ஜெமினி மேம்பாலம் ஏறி இறங்குவதுதான் நேர் வழி. ஆனால் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம்.

“எல்டாம்ஸ் ரோடு வழியா போப்பா.”

“அங்க டிராபிக் சார், மெட்ரோ வேலை வேற. ஜெமினி வழியா பத்து நிமிசம்.”

“அமெரிக்கன் கான்சுலேட் வேண்டாம்.”

“விசா ரிஜெக்ட் பண்ட்டானா சார்?” என்று அனுதாபமாகக் கேட்டார். பிறகு மடியில் குறுக்கே கிடந்த மூட்டையைக் கண்ணாடியில் பார்த்தார். “இன்னாது சார், வீணையா?”

மயிலாப்பூரில் துணி சுற்றிய நீளமான வஸ்து வீணையாகத்தான் இருக்கமுடியும். நான் ஏதும் சொல்லவில்லை. “முன்னாடியே சொல்றதில்லியா, மெதுவா போறேன்” என்று ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக் பிடித்து, தாலாட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் போலீஸ் தடுப்பு. வண்டிச் சோதனை. டிரைவரே முந்திக்கொண்டு, “வீணை சார், கச்சேரிக்குப் போறாரு” என்றார்.

“காட்டுங்க” என்றார் கான்ஸ்டபிள்.

வேட்டி விலகியது. புனல் வெளியே வந்தது, பின்னாலேயே குழாய். டிரைவர் வண்டியை விட்டு இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்று, “சார், இவரு யார்னே எனக்குத் தெரியாது. லஸ்ஸுல கை காட்டினாரு, ஏத்தினேன்” என்று வாக்குமூலமே கொடுத்துவிட்டார். கான்ஸ்டபிள் டார்ச்சை அடித்தார். வழியெல்லாம் வேட்டி உரசியதில் மேகசின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து, பிள்ளையார் பாதி முகம் காட்டிக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் குனிந்தார்.

“சார்... இதுல முகூர்த்த நேரம் போட்டிருக்கு.”

“ஆமாம்.”

“சிம்ம லக்னம்.”

“ஆமாம். பத்திரிகை அட்டை.”

அவர் நிமிர்ந்து என்னை ஒரு முழு நிமிஷம் பார்த்தார். நாடகம் என்றேன், சபா பெயரைச் சொன்னேன், நோட்டீசைக் காட்டினேன். “அந்தப் புனலைக் கழட்டிக் கையில வெச்சுக்குங்க சார். அப்பறம் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க” என்றார். அவர் சொன்னது சரி. தி.நகர் வரை புனலும் கையுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். சபா வாசல் செக்யூரிட்டிகூட, “டேங்க் ரிப்பேருக்குப் பின்பக்கமா போங்க” என்றார்.

மேடையில் முதல் பிரச்சினை சிப்பாய்கள் படுப்பது. எல்எம்ஜி என்றால் குப்புறப் படுத்துத்தான் சுடவேண்டும் என்று சுபேதார் மாமா பிடிவாதம். ஆனால் சபா மைக் கூரையிலிருந்து தொங்குவது. அதன் அடியில் வந்து நின்று பேசியே பழகிய ஜென்மங்கள் நாங்கள். தரையில் படுத்துச் சொன்னால் தேசபக்தி இரண்டாவது வரிசையைத் தாண்டாது. கடைசியில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, பதுங்குகுழியை மூன்றடி உயரத்தில் அமைத்தோம்.

திரை விலகியது. நீல வெளிச்சம், தெர்மாகோல் பனி, மூட்டைகளுக்கு நடுவில் கறுப்பாக அது. அரங்கத்தில் ஒரு நிசப்தம். பின்னாலிருந்து ஒரு சின்னப் பையன் “ஐ, மெஷின் கன்!” என்றான். தெரியாத மனிதர்கள் அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள் என்பதைப் பக்கவாட்டுத் திரையிலிருந்து பார்த்தேன். என் சொந்தங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள்.

“அது நம்ம குக்கர் பிடி இல்லியோ?” என்றாள் என் மனைவியின் அக்கா, மைக் தேவைப்படாத குரலில்.

“அஞ்சு லிட்டர்” என்றாள் மனைவி.

“கால் ரெண்டும் அவரோடது” என்றார் மாமியார், பக்கத்து இருக்கைக்காரரிடம். அவர் ஏதோ தியாகிக் குடும்பம் என்று நினைத்துக் கைகூப்பினார்.

கிளைமாக்ஸ். கீபோர்டுக்காரர் வெடிச் சத்தம் போட, ஹவில்தார் வசனமும் சூடுமாக வெளுத்துக் கட்டினார். நம்பர் டூ அதே மேகசினைப் பனியில் புரட்டிப் புரட்டி மாட்டினார். வேகத்தில் ஒரு தடவை பெட்டியின் பக்கத்தில் ஓங்கித் தட்டிவிட்டார். எதிரி குண்டு பாய்ந்து ஹவில்தார் சாய்ந்தார். கீபோர்டு நின்றது. எல்லாம் அடங்கிய அந்தக் கணத்தில் துப்பாக்கிக்குள்ளிருந்து “ஸா... பா... ஸா...” என்று தம்பூரா கிளம்பியது.

செத்துப்போயிற்று என்று பரணில் ஏற்றிய சுருதிப் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது. மகள் கடைசியாக வைத்துப் பாடிய ஐந்து கட்டையிலேயே நின்றது. நம்பர் டூ மறுபடி தட்டினார். சத்தம் கூடியது. தொங்கும் மைக் மனித வசனத்தை எப்போதாவதுதான் பிடிக்கும், தம்பூராவை அப்படியே அள்ளி அரங்கம் முழுக்க ஊற்றியது. ஹவில்தார் பாட்டுத் தெரிந்தவர். சாகிற நிலையில் ஒரு கண்ணைத் திறந்து துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, பஞ்சமத்தில் நிறுத்தி, மீதி வசனத்தை அந்தச் சுருதியிலேயே சொன்னார். “அம்மாவிடம் சொல்லு” என்ற இடத்தில் ஒரு சின்னக் கமகம்கூட விழுந்தது. ஷட்ஜத்தில் வந்து இறந்தார். சுபேதார் மாமா முதல் வரிசையில் விறைப்பாக எழுந்து நின்று, “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” என்று தன் ரெஜிமென்ட் முழக்கத்தைப் போட, கைதட்டல் எழுந்தது. பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொடையில் தட்டியபடி “சுருதி சுத்தம்” என்று யாருக்கோ சொன்னது எனக்குக் கேட்டது.

சபா காரியதரிசி மேடைக்குப் பின்னால் வந்து டைரக்டரின் கையைக் குலுக்கினார். “மரணத்துக்குத் தம்பூரா மட்டும் போட்டது பிரமாதம். யார் மியூசிக்?” டைரக்டர் கூசாமல், “நம்ம ஆள்தான்” என்று என்னைக் காட்டினார். அன்றைக்கு இரவு பெட்டியை நிறுத்த முடியவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது மடியில் பாடிக்கொண்டே வந்தது. இந்த டிரைவருக்கு அது வீணை என்பதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

நவராத்திரி வந்தது. ஸ்லாட்டட் ஆங்கிள் கொலுப்படிக்குத் திரும்பிப் போனதோடு எல்எம்ஜியின் முதுகெலும்பு போயிற்று. சுருதிப் பெட்டி வெற்றிலைபாக்கு வாங்க வரும் பெண்டுகள் பாடுவதற்காக முதல் படிக்கு அருகில் மறுவாழ்வு பெற்றது. மேட் கறுப்பு பூசியிருந்ததை யாரும் கேட்கவில்லை. வாக்கர் காலை மாமியார் சன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார். மேகசினைத் தூக்கிப்போட முடியாது, பிள்ளையார் இருக்கிறார். அது மறுபடி பரணுக்கே போயிற்று.

மிச்சமிருந்தது பைப்பும் புனலும். கீழ் வீட்டுப் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. சிப்பாயாகப் போகிறேன், துப்பாக்கி வேண்டும் என்று வந்து நின்றான். அவன் டீச்சர் துப்பாக்கி கூடவே கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பையனின் அம்மா பைப்பை ஒரு தோளில் சாய்த்து, எல்போவையும் டீயையும் ஒரு பையில் போட்டு, புனலைக் கையில் கொடுத்து, காதில் ஒரு பென்சிலைச் செருகி, பிளம்பராக அனுப்பிவைத்தாள். மேடையில் போய் “தண்ணி வருதா மேடம்?” என்று மட்டும் கேட்டானாம். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வழக்கம்போல பாரதியாருக்கு.